பேக் ஃபில்டர் வந்த பிறகு பழைய விசிறி

கொதிகலன் புகையிலுள்ள தூசியைத் துணிப்பைகளால் பிடிக்கப் புதிதாக ஒரு பேக் ஃபில்டர் வைத்தால், பழைய விசிறி பழையபடி இழுக்காது. திருப்பூர்ச் சாயப்பட்டறையின் விறகுக் கொதிகலன், கோயம்புத்தூர் வார்ப்படத் தொழிற்சாலையின் மணல் பிரிவு, சிமென்ட் ஆலை என்று இடம் எதுவானாலும் இது பொருந்தும். தூசியைப் பிரிக்கும் கருவி காற்று போகும் வழியில் நிற்கிறது. அந்தக் காற்றை நகர்த்துவது விசிறி. கருவியை மாற்றினால் விசிறியின் வேலையும் மாறுகிறது. ஆனால் கருவிக்குக் கொட்டேஷன் வாங்கும்போது விசிறி பெரும்பாலும் பேச்சில் வருவதில்லை. எல்லாம் பொருத்தி ஓட்டிய பிறகு, அடுப்புக் கதவின் இடுக்கில் புகை கசியும்போதுதான் அதன் நினைவு வருகிறது.

விசிறி தருவதும் டக்ட் ஏற்பதும்

பெயர்ப்பலகையில் மணிக்கு 20,000 கன மீட்டர் என்று எழுதியிருந்தால் விசிறி எப்போதும் அவ்வளவு தந்துவிடும் என்று நினைப்பது தவறு. கிணற்று மோட்டாரை எடுத்துக்கொண்டால் புரியும். தரைத் தொட்டிக்கு விட்டால் குழாய் நிறையக் கொட்டுகிறது. அதே மோட்டார் மூன்றாம் மாடித் தொட்டிக்கு ஏற்றும்போது மெலிந்துதான் விழுகிறது. மோட்டாரில் குறையில்லை, அது தாண்ட வேண்டிய உயரம் கூடிவிட்டது. விசிறிக்கு அந்த உயரத்தின் இடத்தில் இருப்பது டக்ட், வளைவுகள், கருவி, புகைபோக்கி எல்லாம் சேர்ந்து தரும் எதிர்ப்பு.

இந்த எதிர்ப்பை நீர்மட்ட மில்லிமீட்டரில் சொல்வது தொழிற்சாலை வழக்கம். யு வடிவக் குழாயில் நீர் எத்தனை மி.மீ. ஏறி இறங்குகிறது என்பதே அளவு, 1 மி.மீ. என்பது 9.81 பாஸ்கல். இந்தக் கட்டுரையில் அழுத்தத்துக்கு மி.மீ. என்று வருவதெல்லாம் இந்த நீர்மட்ட அளவுதான். டக்ட், வளைவு, காற்றைச் சுழற்றித் தூசியைப் பிரிக்கும் சைக்ளோன் ஆகியவற்றில் எதிர்ப்பு காற்றளவின் வர்க்கமாக ஏறும்: காற்று இரட்டித்தால் எதிர்ப்பு நான்கு மடங்கு. பேக் ஃபில்டரின் துணியும் அதன்மேல் படிந்த தூசிப்படலமும் மட்டும் வேறு மாதிரி. அவற்றின் துளைகளில் காற்று மெல்லக் கசிந்து போவதால் எதிர்ப்பு காற்றளவுக்கு நேர்விகிதத்தில்தான் ஏறும்.

விசிறிக்கும் ஒரு வளைகோடு உண்டு: இவ்வளவு காற்று போனால் இவ்வளவு அழுத்தம் தரும் என்பது. அந்தக் கோடும் எதிர்ப்பின் கோடும் வெட்டிக்கொள்ளும் இடமே இயக்கப் புள்ளி. விசிறி அந்தப் புள்ளியில் மட்டுமே ஓடும். கருவியை மாற்றுவது எதிர்ப்புக் கோட்டை மாற்றுவது. வேகத்தை மாற்றுவது விசிறிக் கோட்டை மாற்றுவது. இந்த வேலை முழுவதும் இந்த இரண்டு கோடுகளுக்குள் அடங்கும்.

கருவிக்குக் கருவி எதிர்ப்பு வேறு

சைக்ளோன், மல்டி சைக்ளோன் வகைகள் பொதுவாக 50 முதல் 150 மி.மீ. வரை எடுத்துக்கொள்ளும். நல்ல நிலையில் ஓடும் பேக் ஃபில்டருக்கு 100 முதல் 150 மி.மீ. ஆகும். மின்நிலை வீழ்படிவி எனப்படும் இ.எஸ்.பி.யில் காற்று அகலமான தகடுகளுக்கு இடையே மெதுவாகப் போவதால் 15 முதல் 25 மி.மீ. போதும். வென்சுரி ஸ்க்ரப்பர் இதற்கு நேர் எதிர். குறுகிய கழுத்தில் வாயுவை அதிவேகமாகத் தள்ளி, நீரைப் பொடித்துளிகளாகச் சிதறடித்துத் தூசியைப் பிடிக்கும் கருவி அது. நுண்தூசிக்கு அதில் பல நூறு மி.மீ. தேவைப்படும். அங்கே அழுத்த இழப்பு என்பதே தூய்மையின் விலை. விசிறி தளர்ந்தால் பிடிப்புத்திறனும் உடனே விழும்.

ஆகவே மாற்றம் இரண்டு திசையிலும் போகலாம். சைக்ளோனுக்குப் பின்னால் பேக் ஃபில்டர் சேர்த்தால் எதிர்ப்பு கூடும். வென்சுரியை எடுத்துவிட்டு இ.எஸ்.பி. வைத்தால் எதிர்ப்பு சரியும்.

எதிர்ப்பு கூடிக் காற்று குறைந்தால் முதலில் கெடுவது தூசி எழும் இடத்தில் உள்ள ஹூட். இழுவை போதாமல் தூசி ஆட்கள் நிற்கும் பக்கம் வழிகிறது. அடுத்தது டக்ட். மணல் போன்ற தூசி படியாமல் போக நொடிக்கு 18 முதல் 20 மீட்டர் வேகம் வேண்டும். அது 13 மீட்டராக இறங்கினால் கிடைமட்ட டக்டின் அடியில் மணல் சேர்ந்து, வழி இன்னும் குறுகி, எதிர்ப்பு மேலும் ஏறும். எதிர்ப்பு மிக அதிகமானால் விசிறி தன் வளைகோட்டின் உச்சிக்கு இடப்பக்கம் தள்ளப்பட்டு, காற்று முன்னும் பின்னும் தடுமாறி டக்டே அதிரத் தொடங்கும்.

எதிர்ப்பு சரிந்து காற்று கூடினாலும் தொல்லைதான். நேர்த்தகடு விசிறியிலும் முன்வளைவுத் தகடு விசிறியிலும் காற்று கூடக் கூட மோட்டார் எடுக்கும் சக்தி ஏறிக்கொண்டே போகும்; ரிலே தட்டி நின்றுவிடும். பின்வளைவுத் தகடு விசிறியில் சக்தி ஓர் உச்சத்தைத் தொட்டு இறங்கும் என்பதால் அந்த ஆபத்து குறைவு. கொதிகலனில் காற்று அளவுக்கு மேல் இழுக்கப்பட்டால் வெப்பம் புகைபோக்கி வழியே போகிறது. விறகுச் செலவு ஏறுகிறது.

முதலில் அளவெடுப்பு

மாற்றத்துக்கு முன்பே, பழைய கருவி ஓடும்போதே எல்லா அளவையும் எழுதி வைத்துவிட வேண்டும். கழற்றிய பிறகு அந்த வாய்ப்பு திரும்பாது.

காற்றளவுக்குப் பிட்டோ குழாய். தூசி வாயுவில் சாதாரணப் பிட்டோவின் சிறு துளைகள் அடைத்துக்கொள்ளும் என்பதால் எஸ் வகைப் பிட்டோவே பயன்படுகிறது. அளக்கும் இடம் வளைவிலிருந்து எட்டு விட்டம் தள்ளியும் அடுத்த வளைவுக்கு இரண்டு விட்டம் முன்னும் இருப்பது நல்லது. குறுக்கும் நெடுக்குமாகப் பல புள்ளிகளில் அளந்து சராசரி எடுக்க வேண்டும். நடுவில் ஒரே புள்ளி எடுத்தால் அளவு கூடுதலாகவே காட்டும். வேக அழுத்தத்தைப் பாஸ்கலில் எடுத்து இரண்டால் பெருக்கி, வாயு அடர்த்தியால் வகுத்து, வர்க்கமூலம் கண்டால் வேகம் வரும். 150 டிகிரி புகையில் 15 மி.மீ. காட்டினால் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 19 மீட்டர்.

நிலை அழுத்தத்தைக் கொதிகலன் வாய், சைக்ளோனுக்கு முன், பின், விசிறியின் உள்வாய், வெளிவாய் எனத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். அப்போதுதான் எந்தத் துண்டு எவ்வளவு தின்கிறது என்பது தெரியும். கூடவே வெப்பநிலை, டேக்கோமீட்டரில் விசிறியின் வேகம், மூன்று ஃபேஸிலும் ஆம்பியர். ஆம்பியரை 1.732, வோல்ட், பவர் ஃபேக்டர் ஆகியவற்றால் பெருக்கி 1,000 ஆல் வகுத்தால் மோட்டார் எடுக்கும் கிலோவாட் கிடைக்கும்.

காற்று வழியைத் திறந்து மூடும் டேம்பரின் நிலையையும் குறிக்க மறக்கக் கூடாது. பல இடங்களில் விசிறியைத் தாராளமாக வாங்கிவிட்டு, டேம்பரைப் பாதி மூடியே வருடக்கணக்கில் ஓட்டியிருப்பார்கள். அந்த டேம்பர் 40 மி.மீ. தின்கிறது என்றால், அது கையிருப்பு. புதிய கருவி கேட்பதில் ஒரு பங்கை டேம்பரைத் திறந்தே கொடுத்துவிடலாம்.

ஒரு கணக்கு

விறகுக் கொதிகலன் ஒன்று. மல்டி சைக்ளோன் மட்டும் இருக்கிறது. 150 டிகிரியில் மணிக்கு 20,000 கன மீட்டர் புகை. மொத்த எதிர்ப்பு 150 மி.மீ.; விசிறியின் வேகம் நிமிடத்துக்கு 1,000 சுற்று; திறன் 65 விழுக்காடு; மோட்டார் 18.5 கிலோவாட். இதோடு தூசி படிந்த நிலையில் 125 மி.மீ. எடுக்கும் பேக் ஃபில்டர் சேர்கிறது என்று கொள்ளலாம்.

விசிறியைத் தொடாமல் விட்டால் காற்று குறையும். குறையும்போது விசிறி தரும் அழுத்தம் கொஞ்சம் ஏறும். அது 172 மி.மீ. அளவுக்கு ஏறுகிறது என்றால், டக்டை வர்க்க விதியிலும் பையை நேர்விகித விதியிலும் வைத்துப் பார்க்கும்போது காற்று 14,650 கன மீட்டர் அளவில் நிற்கும். நான்கில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது.

பழைய 20,000 வேண்டுமானால் விசிறி 275 மி.மீ. தர வேண்டும். இங்கே விசிறி விதிகள் உதவுகின்றன: காற்று வேகத்துக்கு நேர்விகிதம், அழுத்தம் வேகத்தின் வர்க்கம், சக்தி வேகத்தின் முப்படி. பழைய வளைகோட்டில் எந்தப் புள்ளியை வேகம் கூட்டி உயர்த்தினால் 20,000-க்கும் 275-க்கும் போய்ச் சேரும் என்று தேட வேண்டும். இந்த விசிறியில் அது 15,630 கன மீட்டர், 168 மி.மீ. என்ற புள்ளி. ஆகவே வேகம் 1.28 மடங்கு, அதாவது 1,280 சுற்று.

சக்திக்கு நேரான சூத்திரம் உண்டு. நொடிக்கு எத்தனை கன மீட்டர் என்பதை அழுத்த மி.மீ.யால் பெருக்கி, 102 ஆலும் திறனாலும் வகுத்தால் கிலோவாட். முன்பு 12.6, இப்போது 23. பழைய 18.5 கிலோவாட் மோட்டார் போதாது. விசிறியின் வேகத்தைக் கூட்டிவிட்டு மோட்டாரை மறப்பதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் பிழை.

சரிசெய்யும் வழிகள்

பெல்ட் ஓட்டமுள்ள விசிறியில் புல்லியை மாற்றுவது மலிவான வழி. மோட்டார் புல்லி 8 அங்குலம் என்றால் 1.28 மடங்குக்கு ஏறக்குறைய 10¼ அங்குலம். சக்தி கூடுவதால் பெல்ட் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும்.

வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. சுழல் சக்கரத்தின் மேல் விழும் இழுவிசை வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது, 1.28 மடங்கு வேகத்தில் அது 1.64 மடங்கு. தேய்ந்த தகடு, பழைய வெல்டிங், சூடான வாயு எல்லாம் சேர்ந்தால் சக்கரம் சிதறும் ஆபத்து இருக்கிறது. தயாரித்தவர் எழுத்தில் தரும் உச்ச வேகத்துக்கு மேல் போகவே கூடாது. தண்டின் அதிர்வு வேகத்தையும் பேரிங்கின் தாங்குதிறனையும் அவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வி.எஃப்.டி. வைத்தால் வேகத்தைத் தேவைக்கேற்ப ஏற்றி இறக்கலாம். ஆனால் 50 ஹெர்ட்ஸுக்கு மேல் மோட்டாரின் முறுக்குவிசை குறையத் தொடங்கும். விசிறி கேட்கும் சக்தியோ முப்படியாக ஏறும். ஆகவே வி.எஃப்.டி. இருக்கிறது என்பதற்காக 60 ஹெர்ட்ஸில் ஓட்டுவது தீர்வாகாது. வேகத்தைக் குறைக்கும் பக்கத்தில்தான் அதன் அருமை தெரியும்: 10 விழுக்காடு குறைத்தால் சக்தி 27 விழுக்காடு குறையும், 20 விழுக்காடு குறைத்தால் ஏறக்குறைய பாதி. எதிர்ப்பு சரிந்த இடத்தில் டேம்பரை மூடிக் காற்றைக் கட்டுப்படுத்துவது வண்டியில் ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டே பிரேக்கையும் பிடிப்பது போன்றது.

வேகம் மட்டும் போதாதபோது புதிய சுழல் சக்கரம், அல்லது புதிய விசிறியே வேண்டியிருக்கும். இன்னொரு விசிறியைத் தொடராக வைத்தால் இரண்டின் அழுத்தமும் கூடும். ஒன்று நின்றால் அதுவே அடைப்பாகும் என்பதால் இரண்டையும் இன்டர்லாக்கில் கட்ட வேண்டும். பக்கத்தில் இணையாக வைப்பது எதிர்ப்புப் பிரச்சினைக்கு மருந்தல்ல. செலவு இரட்டித்தும் காற்று கொஞ்சமே கூடும்.

இடநெருக்கடியில் புது டக்டை வளைத்து, விசிறியின் வாயிலேயே ஒரு முழங்கை வளைவைச் சொருகுவதும் உண்டு. காற்று ஒருபக்கமாகச் சுழன்று நுழைவதால் விசிறி வளைகோட்டில் காட்டிய அளவைத் தராது. வாய்க்கு முன் நேரான டக்ட் கொஞ்சமாவது இருக்க வேண்டும்.

வெப்பமும் அடர்த்தியும்

விசிறி கன அளவைத் தள்ளும் இயந்திரம். குளிர்காற்றானாலும் சூடான புகையானாலும் அதே வேகத்தில் அதே கன அளவுதான்; அழுத்தமும் சக்தியும் அடர்த்தியோடு மாறும். 20 டிகிரி காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோ, 150 டிகிரியில் 0.83. விசிறிப் பட்டியல்கள் 1.2 அடர்த்தியில் எழுதப்படுகின்றன. ஆகவே சூட்டில் 275 மி.மீ. வேண்டுமானால் பட்டியலில் பார்க்க வேண்டியது ஏறக்குறைய 400 மி.மீ. இதைச் சொல்லாமல் ஆர்டர் கொடுத்தால் வந்து இறங்கும் விசிறி பலவீனமாகவே இருக்கும்.

காலையில் குளிர்ந்த கொதிகலனை ஏற்றும்போது நிலைமை தலைகீழ். 30 டிகிரி காற்று 150 டிகிரி புகையைவிட 1.4 மடங்கு கனம். 23 கிலோவாட் 32 ஆகிவிடும். அதனால் டேம்பரை மூடி ஸ்டார்ட் செய்வது, அல்லது சூடேறும்வரை வி.எஃப்.டி.யில் வேகத்தைக் கட்டிவைப்பது அவசியம். அப்படிச் செய்தால் 30 கிலோவாட் மோட்டாரே போதும்.

பைத்துணியும் விசிறிக் கணக்கில் தலையிடும். பாலியெஸ்டர் பை 130 டிகிரி அளவுக்குத்தான் தாங்கும். 200 டிகிரி புகையை வெளிக்காற்று கலந்து 130-க்கு இறக்குவது எளிதாகத் தோன்றும். ஆனால் 30 டிகிரி காற்று எடையில் 70 விழுக்காடு கலக்க வேண்டும். விசிறி இழுக்கும் கன அளவு ஏறக்குறைய 45 விழுக்காடு கூடிவிடும். கூடுதல் வெப்பம் தாங்கும் துணியின் விலையை இதோடு ஒப்பிட்டே முடிவெடுக்க வேண்டும். ஸ்க்ரப்பரில் புகை குளிர்ந்து சுருங்கும், ஆனால் நீராவி சேரும். அதற்குப் பின்னால் நிற்கும் விசிறியின் தகட்டில் ஈரத்தூசி ஒட்டி பேலன்ஸ் கெடும், அரிப்பும் வரும். விசிறி உடலின் அடியில் வடிகால் துளை வேண்டும்.

புதுப் பை பொருத்திய முதல் நாட்கள்

புதுத் துணியில் தூசிப்படலம் இருக்காது. எதிர்ப்பு மிகக் குறைவு. 125 மி.மீ.க்காக வேகம் கூட்டிய விசிறி இப்போது அளவுக்கு மேல் இழுக்கும். நுண்தூசி துணியின் உள்ளே ஆழமாகப் புகுந்து அடைத்துக்கொள்ளும். பிறகு பையை உதறும் காற்றுப் பல்ஸ் எவ்வளவு அடித்தாலும் வெளியே வராது. புதுப் பை சில வாரங்களிலேயே பழையதாகிப் போவதன் காரணம் பல நேரம் இதுதான். சுண்ணாம்புத்தூள் தூவி முதல் படலம் பிடிக்கச் செய்வதும், முதல் நாட்களில் வேகத்தைக் குறைத்து ஓட்டுவதும் இதற்கான வழி. பைகளின் இருபக்க அழுத்த வேறுபாட்டைக் காட்டும் மீட்டரை அன்றாடம் குறித்துவந்தால் பையின் நிலை தெரியும்.

அடுப்பின் இழுவை

வெளிக்காற்றை உள்ளே தள்ளும் எஃப்.டி. ஃபேனும் புகையை வெளியே இழுக்கும் ஐ.டி. ஃபேனும் சேர்ந்து ஓடும் கொதிகலனில், தீயறை வெளிக்காற்றைவிடச் சில மி.மீ. குறைந்த அழுத்தத்தில் இருக்க வேண்டும். ஐ.டி. ஃபேன் தளர்ந்தால் தீ வெளியே சீறும். மிஞ்சினால் இடுக்கெல்லாம் காற்று புகும். ஐ.டி.யை மாற்றிய பிறகு எஃப்.டி.யையும் சேர்த்தே சரிசெய்ய வேண்டும்.

பெரிய அனல்மின் நிலையங்களில் இதுவே உயிர்ப் பிரச்சினை. 2015 டிசம்பரில் மத்திய அரசு அறிவித்த உமிழ்வு வரம்புகளுக்குப் பின் இந்தியாவில் கந்தக டை ஆக்சைடை நீக்கும் எஃப்.ஜி.டி. கருவிகளைப் பழைய அலகுகளோடு சேர்க்கும் வேலை தொடங்கியது. அந்தக் கூடுதல் எதிர்ப்புக்கு ஐ.டி. ஃபேனை வலுவாக்குகிறார்கள், அல்லது தனியாக பூஸ்டர் ஃபேன் வைக்கிறார்கள். எரிபொருள் திடீரென நின்றால் தீயறை வாயு குளிர்ந்து சுருங்கும். அந்த நொடியில் வலுவான விசிறி தொடர்ந்து இழுத்தால் தீயறைச் சுவர் உள்நோக்கி நசுங்கும். அதனால் விசிறியின் இழுவை ஏறும்போது சுவரின் தாங்குவலிமையையும் கட்டுப்பாட்டு அமைப்பையும் மறுபடி கணக்கிட வேண்டியிருக்கிறது.

கடைசிச் சோதனை

ஓட்டிப் பார்க்கும் முதல் நாளில் சுழலும் திசையைப் பார்க்க வேண்டும். மோட்டார் வயரைக் கழற்றி மாட்டும்போது ஃபேஸ் மாறினால் விசிறி தலைகீழாகச் சுற்றும். மையவிலக்கு விசிறி அப்போதும் அதே திசையில்தான் காற்று தள்ளும், ஆனால் மிகக் குறைவாக. விசிறி சரியில்லை என்று தயாரிப்பாளரைக் கூப்பிட்ட பிறகு இது தெரியவரும் சங்கடம் புதிதல்ல.

பிறகு மாற்றத்துக்கு முன் எடுத்த அதே இடங்களில் அதே அளவுகள். அதிர்வு உறுதியான அடித்தளத்தில் நொடிக்கு 4.5 மில்லிமீட்டரைத் தாண்டினால் நிறுத்திப் பார்க்க வேண்டும். கருவிக்கு முன்னும் பின்னும் ஆக்சிஜன் அளவை ஒப்பிட்டால் கசிவு தெரியும். தூசி இறங்கும் ரோட்டரி ஏர்லாக் தேய்ந்திருந்தால் விசிறி தன் உழைப்பில் ஒரு பங்கை வெளிக்காற்றை இழுப்பதிலேயே செலவிடும். மாற்றத்தை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையிலும் பதிய வேண்டும்.

இதன் விலையையும் கணக்கிட்டுவிடலாம். மேலே சொன்ன கொதிகலனில் பேக் ஃபில்டரால் கூடிய 10.4 கிலோவாட், பெல்ட் இழப்பும் மோட்டார் இழப்பும் சேர்த்தால் மின்கம்பியில் ஏறக்குறைய 12. நாளுக்கு 20 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் 72,000 யூனிட். கருவியின் ஒவ்வொரு 10 மி.மீ. எதிர்ப்புக்கும் ஆண்டுதோறும் ஏறக்குறைய 5,800 யூனிட்டுக்கு மின்கட்டணம் கட்ட வேண்டும். மலிவான கருவி, உயர்ந்த எதிர்ப்பு என்று வரும் கொட்டேஷனைப் படிக்கும்போது இந்த எண்ணையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.